ஆபீஸ் வேலைக்குப் போகும் முன் விசாரிக்க வேண்டியவை

திருப்பூரில் டைப்ரைட்டிங் பயிலகம் நடத்துகிறேன். லோயர், ஹையர் டைப்பிங் தேர்வு முடித்த பிள்ளைகள் ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி, "மிஸ், இங்கே நம்பிப் போகலாமா?" என்று வந்து நிற்பார்கள். குடும்பத்தில் முதன்முதலாக ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். விசாரித்துச் சொல்ல வீட்டில் ஆள் இருக்காது. அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

பஸ் ஸ்டாண்டு சுவரில் "ஆபீஸ் ஸ்டாஃப் தேவை, எட்டாம் வகுப்பு முதல் டிகிரி வரை, தங்குமிடம் சாப்பாடு இலவசம்" என்று செல் நம்பர் மட்டும் போட்டு ஒட்டியிருந்தால் கூப்பிடவே வேண்டாம். ஆள் தேவைப்படுகிற ஆபீஸ், பில்லிங்கா, டேலியில் (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) கணக்கு எழுதுவதா, ஸ்டோர்ஸ் என்ட்ரியா என்று வேலையைச் சொல்லித்தான் கேட்கும். படிப்பு எதுவானாலும் சரி என்கிற இடத்தில் பெரும்பாலும் பொருள் விற்கவோ ஆள் பிடிக்கவோதான் அனுப்புவார்கள்.

தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் இலவசமாகப் பதியலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாம்களில் கம்பெனிக்காரர்களை நேரில் பார்த்துப் பேசலாம். இவற்றோடு, தெரிந்த ஆடிட்டர் ஆபீஸ்களிலும் சொல்லி வையுங்கள். எந்தக் கம்பெனியில் கணக்கு எழுத ஆள் இல்லை என்பது அவர்கள் காதுக்குச் சீக்கிரம் வந்துவிடும்.

கூப்பிட்ட கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணை, அதாவது வரிப் பதிவு எண்ணை, கேட்டு வாங்குங்கள். எண்ணும் ஆங்கில எழுத்துமாக 15 இருக்கும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அதைப் போட்டால் பெயர், பதிவான தேதி, பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் வரும். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்திலும் தேடலாம். சாதாரண பார்ட்னர்ஷிப் நிறுவனங்கள் அதில் இருக்காது, அதற்காகப் பயப்பட வேண்டாம்.

வேறொரு கம்பெனியின் எண்ணைக் காட்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. அதனால் நேரில் போய்ப் பார்க்காமல் சரி என்று சொல்லாதீர்கள். சாயங்காலம் ஆபீஸ் விடுகிற நேரத்தில் போய், வெளியே வருகிறவர்களிடம் சம்பளம் எந்தத் தேதியில் போடுகிறார்கள் என்று கேளுங்கள். பனியன் கம்பெனி என்றால் ஷிப்மென்ட் (சரக்கு அனுப்பும்) சமயத்தில் ஆபீஸ் ஆட்களும் நேரங்கழித்துத்தான் கிளம்ப முடியும். அன்றைக்கு வீட்டில் கொண்டுவந்து விட வண்டி உண்டா என்பதைப் பெண் பிள்ளைகள் கட்டாயம் கேட்க வேண்டும். இப்படிக் கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்கிற ஆபீஸ் வேண்டாம்.

பதிவுக் கட்டணம், ட்ரெய்னிங் ஃபீஸ், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் காசு கொடுக்காதீர்கள். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. "கம்பெனிப் பணம் உன் அக்கவுண்ட்டுக்கு வரும், எடுத்து மாற்றி அனுப்பு" என்று சொன்னால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். அது யாரையோ ஏமாற்றி எடுத்த பணமாக இருக்கலாம். போலீஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில்தான்.

வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை என்று வாட்ஸ்அப்பில் வருவதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. நன்றாக டைப் அடிக்கிற பிள்ளைகளைத்தான் அது பிடிக்கிறது. ஆன்லைனில் ஒப்பந்தம் போடச் சொல்வார்கள், நூற்றுக்கணக்கான பக்கங்களை அனுப்புவார்கள். ராப்பகலாக அடித்து அனுப்பியதும் "பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், அபராதம் கட்டு" என்பார்கள். அடுத்து வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று வரும், கோர்ட், கைது என்று போனில் மிரட்டுவார்கள். என்னிடம் படித்த ஒரு பெண் வீட்டுக்குத் தெரியக் கூடாதென்று கம்மலை அடகு வைத்துக் கட்டினாள். கட்டியதும் இன்னும் கேட்டார்கள். நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். மெசேஜ், போன் நம்பர் எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு வீட்டில் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் அந்தப் பணத்தை முடக்க வாய்ப்பு இருக்கிறது.

அரசு ஆபீஸில் இளநிலை உதவியாளர், தட்டச்சர் வேலை வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வேலைகளுக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு இருக்கிறது. நேர்காணல் கிடையாது, எழுத்துத் தேர்வு மதிப்பெண்தான். நடுவில் ஒருவர் பேசி முடிக்க அதில் இடமே இல்லை.

அப்புறம், சேரும்போது அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் சம்பளத்தையும் பிடித்தங்களையும் பார்த்து வாங்குங்கள். 20 பேரோ அதற்கு மேலோ இருக்கிற நிறுவனம் என்றால் பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி) உண்டு. முதல் சம்பளச் சீட்டில் பிடித்திருந்தால், அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் அது உங்கள் பி.எஃப் கணக்கில் கட்டப்பட்டிருக்க வேண்டும். பி.எஃப்-க்காக உங்களுக்குத் தரும் 12 இலக்க யுஏஎன் எண்ணை வைத்து, மத்திய அரசின் உமங் ஆப்பில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். பணம் ஏறவில்லை என்றால் அக்கவுண்ட்ஸில் தள்ளிப்போடாமல் கேளுங்கள். இரண்டாவது மாதமும் ஏறவில்லை என்றால் வேறு இடம் தேட ஆரம்பித்துவிடுங்கள்.