சேற்றில் இறங்கும் முன் டயர் காற்றைக் குறையுங்கள்

நண்பர்களோடு ஜீப்பில் காட்டுப் பாதைக்குக் கிளம்புகிறீர்களா? சேறு தொடங்கும் இடத்திலேயே வண்டியை நிறுத்தி டயர் காற்றைக் குறைத்துவிடுங்கள். தார்ச்சாலைக்கு 32 பிஎஸ்ஐ என்றால் இங்கே 20 போதும். காற்று குறைந்த டயர் தரையில் நீளமாகப் படியும். எடை பரவுவதால் எளிதில் புதையாது, கல்லிலும் வேரிலும் குலுக்கலும் குறையும். இதைச் செய்யாமல் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் குழிதான் ஆழமாகும். ஆனால் 15-க்குக் கீழே இறக்க வேண்டாம். திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம்.

வண்டி பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசர் கட்டாயம் கையில் இருக்கட்டும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் முதல் வேலை காற்று நிரப்புவதுதான். குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும்.

அப்புறம் கூடாரம். ஓடைக்கரை மணல் படுக்கச் சுகமாகத்தான் இருக்கும், ஆசைப்படாதீர்கள். மேலே எங்கோ பெய்த மழை, இங்கே ஒரு துளி விழாமலே நள்ளிரவில் வெள்ளமாக வந்து சேரும். கொஞ்சம் மேட்டில், தலைக்கு மேல் பட்டுப்போன கிளை இல்லாத இடமாகப் பார்த்து, இருட்டுவதற்கு முன்பே அடித்துவிடுங்கள்.