தும்மல் வராத வாக்யூம் கிளீனரைத் தேடி

எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை வாக்யூம் போடுவது வழக்கம். மத்தியானத்துக்குள் மகளுக்கு மூக்கு அடைத்துவிடும், கண் சிவந்துவிடும், சாயங்காலம் மாத்திரை போட வேண்டியிருக்கும். ஒரு முறை எல்லோருமாக ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பினோம். அன்றுகூட அவள் அவ்வளவு தும்மவில்லை. சுத்தம் செய்தால் தொந்தரவு, செய்யாவிட்டால் நிம்மதி என்றால் எங்கேயோ இடிக்கிறதே என்று எனக்கு உறைக்க மூன்று வருடம் ஆனது.

உறைத்தது வெயிலின் தயவால். ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்த வெளிச்சத்தில், ஓடிக்கொண்டிருந்த மெஷினின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய புகை போல ஏதோ கிளம்புவது தெரிந்தது. புகையில்லை, தூசி. முன்னால் உறிஞ்சியதைப் பின்னால் ஊதிக்கொண்டிருந்தது. கார்பெட்டுக்குள் தன் பாட்டுக்குக் கிடந்த தூசியைக் கிளப்பி, அவள் மூக்கு உயரத்துக்குத் தூக்கிவிட்டது சாட்சாத் நான்தான்.

இப்போது இருப்பது மூன்றாவது மெஷின். முதல் இரண்டையும் வாங்கும்போது முக்கியமாக 'எவ்வளவு நன்றாக இழுக்கும்?' என்று கேட்டேன். மூன்றாவதை வாங்கும்போது கேட்டது, 'இழுத்ததை வெளியே விடாமல் வைத்திருக்குமா?' கார்பெட் போட்ட வீடு, அதில் அலர்ஜிக்காரர் ஒருவர் என்றால் இந்த இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கையில் தள்ளிக்கொண்டு போகும் மின்சார வாக்யூம் கிளீனரை உருவாக்கியவரே தூசி ஆகாத மனிதர்தான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்த ஜேம்ஸ் மரே ஸ்பேங்லருக்கு ஆஸ்துமா. கார்பெட்டைக் கூட்டும்போது எழுந்த தூசி தாங்காமல், ஒரு ஃபேன் மோட்டார், ஒரு பெட்டி, ஒரு துடைப்பக் கட்டை, ஒரு தலையணை உறை என்று கையில் கிடைத்ததை வைத்துக் கட்டினார். 1908ல் காப்புரிமை கிடைத்தது. பிறகு அது ஹூவர் குடும்பத்தின் கைக்குப் போனது. அந்தத் தலையணை உறைதான் அன்றைய ஃபில்டர். என்னுடைய முதல் மெஷினும் அதைவிடப் பெரிதாக முன்னேறியிருக்கவில்லை.

எதைப் பிடிக்க வேண்டும்?

வீட்டுத்தூசி அலர்ஜி என்றால் பெரும்பாலும் டஸ்ட் மைட் எனும் தூசிப்பூச்சிதான் காரணம். மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட நீளமில்லாத, எட்டுக்கால் பிராணி. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதற்குச் சாப்பாடு. தொந்தரவு தருவது முக்கியமாக அதன் எச்சம். ஒவ்வொன்றும் சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அது உடைந்தால் இன்னும் பொடியாகும். மகரந்தமும் ஏறக்குறைய இதே அளவுகளில் வரும். பூனை வளர்ப்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் புரதம் 5 மைக்ரானுக்கும் குறைவான துகள்களில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உயிரோடிருக்கும் தூசிப்பூச்சியை வாக்யூம் அதிகம் பிடுங்காது. இழையைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். வாக்யூமால் போவது எச்சமும், தோல் துகளும், மற்ற தூசியும். அது போனாலே பெரிய விஷயம், ஆனால் மெஷின் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டில் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஹெபா (HEPA) என்ற நாலெழுத்து

மிக நுண்ணிய தூசியையும் தடுக்கும் ஃபில்டருக்கு ஹெபா என்று பெயர். இரண்டாவது மெஷின் வாங்கப் போனபோது நடந்த உரையாடல் இது.

"ஹெபா ஃபில்டர் இருக்கா?"

"இருக்கு சார், ஹெபா டைப்."

எனக்கு 'ஹெபா' மட்டும் காதில் விழுந்தது. 'டைப்' விழவில்லை. 'ஹெபா டைப்', 'ஹெபா போன்ற' என்பதெல்லாம் விற்பவர் வைத்துக்கொள்ளும் பெயர்கள். எந்த அளவுகோலுக்கும் அவை கட்டுப்பட்டவை அல்ல. உண்மையான ஹெபாவுக்குக் கணக்கு உண்டு. அமெரிக்க வழக்கில் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைத் தடுக்க வேண்டும். ஐரோப்பிய வழக்கில் எச்13 என்று போட்டிருந்தால் 99.95 சதவீதம், எச்14 என்றால் 99.995 சதவீதம். பெட்டியில் இந்த எண்ணோ சதவீதமோ இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு எச்13 போதும்.

'0.3 மைக்ரானைவிடச் சின்னது தப்பித்துவிடாதா?' என்று என் மனைவி கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. தப்பிக்காது என்பதுதான் ஆச்சரியம். அந்த அளவையொட்டிய துகள்தான் ஃபில்டரில் பிடிபடாமல் நழுவுவதில் கெட்டிக்காரன். அதைவிடப் பெரியது இழையில் மோதி நிற்கும். மிகச் சின்னது காற்று மூலக்கூறுகளால் இடிபட்டுத் தாறுமாறாக அலைந்து எங்காவது ஒரு இழையில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பரீட்சையையே நழுவுகிறவனை வைத்து நடத்துகிறார்கள்.

ஆனால் நல்ல ஃபில்டர் இருந்தும் ஏமாறலாம். காற்று சுலபமான வழியைத்தான் தேடும். ஃபில்டரின் விளிம்பிலோ, மூடியின் இடுக்கிலோ ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், தூசி ஃபில்டரைத் தொடாமலே வெளியே போய்விடும். எனவே மெஷின் முழுவதும் சீல் செய்யப்பட்டதா என்பது ஃபில்டரின் எண்ணுக்கு நிகரான கேள்வி. கடையில் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஃபில்டரைச் சுற்றி ரப்பர் பட்டை இருக்க வேண்டும், மூடி அழுத்தமாகப் பூட்ட வேண்டும். பிறகு மெஷினை ஓடவிட்டு, உடம்பின் இணைப்புகளில் கையை வைத்துப் பாருங்கள். காற்று வெளியேறும் சல்லடை தவிர வேறு எங்கும் காற்று வரக்கூடாது. விற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் மெஷினைச் சோதிக்க, இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, காற்று வெளியேறும் இடத்தைக் கவனியுங்கள். அப்புறம் அதை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கடைசி ஃபில்டரைத் தாண்டிய பகுதியை வெள்ளை டிஷ்யூவால் துடையுங்கள். சாம்பல் நிறம் வந்தால் தூசி அங்கே கசிகிறது.

பையா, டப்பாவா

இதில் எனக்குச் சார்பு உண்டு, மறைக்கவில்லை. அலர்ஜி வீட்டுக்குப் பை வைத்த மெஷின்தான். பை இல்லாத மெஷினில் டப்பா கண்ணாடி போல இருக்கும், தூசி சுழல்வது பார்க்க அழகாக இருக்கும், பை வாங்கும் செலவும் இல்லை. ஆனால் வாரா வாரம் அந்த டப்பாவைக் குப்பைத் தொட்டியில் கவிழ்க்க வேண்டுமே. பொத்தானை அழுத்தியதும் ஒரு மேகம் எழும். அரை மணி நேரம் மெனக்கெட்டுப் பிடித்ததில் ஒரு பங்கு அந்த ஒரு நொடியில் முகத்துக்குத் திரும்பி வரும். எங்கள் இரண்டாவது மெஷின் இந்த ஜாதி.

பையிலும் காகிதப் பையைவிட, துணி போலத் தோன்றும் பல அடுக்குச் செயற்கை இழைப் பை நல்லது. பையே முதல் ஃபில்டராக வேலை செய்யும். வெளியே எடுக்கும்போது வாயை மூடிக்கொள்ளும் தகடு இருக்கிறதா பாருங்கள். சிலவற்றில் தானாக மூடும், சிலவற்றில் இழுத்து மூட வேண்டும். டப்பா மெஷின் ஏற்கெனவே இருக்கிறது, மாற்ற வழியில்லை என்றால், அலர்ஜி இல்லாத ஒருவர், முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, டப்பாவைப் பிளாஸ்டிக் பைக்குள் விட்டு மெதுவாகத் திறக்கட்டும்.

தண்ணீரில் தூசியைப் பிடிக்கும் மெஷின்களும் உண்டு. ஒவ்வொரு முறையும் அழுக்குத் தண்ணீரை ஊற்றி, கழுவி, காயவைக்க வேண்டும். காயவைக்க மறந்தால் பூஞ்சை. எங்களைப் போன்ற சோம்பேறிகளுக்குச் சரிப்படாது.

கார்பெட்டைக் குனிந்து பாருங்கள்

வழவழப்பான தரைக்குக் காற்று இழுத்தால் போதும். கார்பெட்டில் தூசி இழைகளின் அடிவேரில் உட்கார்ந்திருக்கும். தட்டி எழுப்ப, தலையில் சுழலும் பிரஷ் வேண்டும். அந்தப் பிரஷ்ஷுக்குத் தனி மோட்டார் இருப்பது மேல். காற்றின் வேகத்தில் சுழலும் வகை, அடர்த்தியான கார்பெட்டில் திணறி நின்றுவிடும்.

வாங்கும் முன் உங்கள் கார்பெட் எந்த வகை என்று பாருங்கள். இழை நுனிகள் வெட்டப்பட்டு புல்தரை போல நின்றால் சுழலும் பிரஷ் தாராளமாகப் போடலாம். இழை வளையம் வளையமாகத் திரும்பி உள்ளே போனால் எச்சரிக்கை: பிரஷ் ஒரு வளையத்தைப் பிடித்து இழுத்தால் ஸ்வெட்டரில் நூல் பிரிவது போலப் பிரிந்துவிடும். அப்படிப்பட்ட கார்பெட்டுக்குப் பிரஷ்ஷை நிறுத்தும் ஸ்விட்சும், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் அவசியம். நீளமான இழையுள்ள கார்பெட்டுக்கும் இதே கதைதான். வீட்டில் நீளமான தலைமுடிக்காரர்கள் இருந்தால், ரோலரைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் தேவையா, கையாலேயே வருமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மாதம் ஒரு முறை கத்தரிக்கோலோடு உட்காருவது என் வேலை.

மெத்தைக்கும் சோபாவுக்கும் சின்ன பிரஷ் தலை ஒன்று சேர்ந்து வந்தால் நல்லது. தூசிப்பூச்சிக்குக் கார்பெட்டைவிட மெத்தை இன்னும் பிடிக்கும்.

வாட் கணக்கில் மயங்காதீர்கள்

வாட் என்பது மெஷின் குடிக்கும் மின்சாரத்தின் அளவு, இழுக்கும் திறமையின் அளவு அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014ல் 1600 வாட், 2017ல் 900 வாட் என்று வீட்டு மெஷின்களுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். அங்கே கார்பெட்டுகள் அதன் பிறகும் சுத்தமாகத்தான் இருக்கின்றன. ஏர்வாட் (காற்றை இழுக்கும் திறனின் அளவு) என்று தனியாகப் போட்டிருந்தால் அது பயன்படும் எண். அதுவும் ஒரே மாதிரியான இரண்டு மெஷின்களை ஒப்பிட மட்டும்.

அதே ஐரோப்பாவில் வாக்யூம் கிளீனருக்கு ஒட்டிய மின்சக்தி லேபிளை 2018ல் நீதிமன்றம் ரத்து செய்தது. வாக்யூம் கிளீனர் தயாரிக்கும் டைசன் நிறுவனம் தொடுத்த வழக்கு. காரணம், சோதனையைக் காலிப் பையோடு நடத்தினார்கள். காலிப் பையோடு எந்த மெஷினும் நன்றாகத்தான் இழுக்கும்! என் முதல் மெஷினும் பை பாதி நிறைந்ததும் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். ஆகவே யாரிடமாவது அனுபவம் கேட்டால், பை முக்கால் நிறைந்தபோது எப்படி இழுக்கிறது என்று கேளுங்கள்.

பேட்டரியில் ஓடும் கம்பு மெஷின் கைக்கு அடக்கம். ஆனால் கார்பெட்டுக்குத் தேவையான முழு வேகத்தில் வைத்தால் சில நிமிடங்களில் பேட்டரி படுத்துவிடும், டப்பாவும் சின்னது. ரோபோ தினமும் மேல்தூசியை எடுக்கும், ஆழத்துக்குப் போகாது. இரண்டையும் கூடுதல் ஆளாக வைத்துக்கொள்ளலாம், முக்கிய ஆளாக வேண்டாம். மாடிப்படி இருந்தால் எடையைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். எங்கள் முதல் மெஷின் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு மாடி ஏறவே இல்லை.

வாங்கிய பிறகு

வாரம் இரண்டு முறை போடுங்கள். மெதுவாகத் தள்ளி மெதுவாக இழுக்க வேண்டும். ஒரே இடத்தை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் போக வேண்டும். அலமாரி, மேஜைகளை முதலில் ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கடைசியில் கார்பெட்டுக்கு வாருங்கள். அலர்ஜிக்காரர் அந்த அறையில் இருக்க வேண்டாம். முடித்த பிறகும் அரை மணி நேரமாவது கழித்து வரட்டும். தூசிப்பூச்சியின் எச்சம் கனமானது, அதற்குள் கீழே இறங்கிவிடும். பூனை வீடென்றால் இன்னும் நேரம் விடுங்கள்.

கழுவலாம் என்று போட்டிருக்கும் ஃபில்டரை மட்டும் கழுவுங்கள். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகே திரும்ப மாட்டுங்கள். கார்பெட்டை ஷாம்பு போட்டுக் கழுவி ஈரமாக விட்டால் தூசிப்பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது காய்ந்து திண்டாடும். படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் சாகும். இந்த இரண்டையும் செய்யத் தொடங்கிய பிறகுதான் மகளுக்கு உண்மையான வித்தியாசம் தெரிந்தது. மெஷின் பாதி, இது பாதி.

இன்னொன்று. பையும் ஃபில்டரும் தனியாகக் கிடைக்கின்றனவா என்று வாங்கும் அன்றைக்கே விசாரியுங்கள். எங்கள் இரண்டாவது மெஷினின் மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கான ஃபில்டர் வருவது நின்றுபோனதால் கொடுத்துவிட்டோம். இப்போது ஒரு வருடத்துக்கு வேண்டிய பைகள் அலமாரியில் இருக்கின்றன. மாற்றும் தேதியை மகள் அலமாரிக் கதவின் உட்பக்கம் பென்சிலால் எழுதி வைக்கிறாள். மாற்றுவது நான்தான், அவள் மாடியில் இருக்கும் நேரமாகப் பார்த்து.