ஆழ்கவசத்தில் சிவப்பெல்லாம் சூடல்ல

நில அதிர்வலைகளின் வேகத்தைக் கொண்டு பூமியின் உட்புறத்தை வரையும் டோமோகிராபி படங்களில் ஆப்பிரிக்காவுக்கு அடியிலும் பசிபிக் பெருங்கடலுக்கு அடியிலும் கண்டம் அளவுக்கு இரண்டு சிவப்புத் திட்டுகள் தெரியும். கவசமும் (மேலோட்டுக்கு அடியிலுள்ள தடித்த பாறை அடுக்கு) கருவமும் (பூமியின் இரும்பு மையம்) சந்திக்கும் 2,891 கி.மீ. ஆழத்தில் அவை அமர்ந்திருக்கின்றன. பார்த்த மாத்திரத்தில் 'உருகிய பாறைக் குழம்பு' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சிவப்புக்கு ஒரே பொருள்தான்: அங்கே எஸ் அலை, அதாவது பாறையைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்லும் நில அதிர்வலை, சராசரியைவிடச் சில சதவீதம் மெதுவாகப் போகிறது. திரவத்துக்குள் எஸ் அலை நுழையவே நுழையாது. இந்தத் திட்டுகளையோ அது ஊடுருவிக்கொண்டு வெளியே வருகிறது. ஆக, அங்கிருப்பது ஏறக்குறைய முழுவதும் திடப்பாறை. கருவத்தை ஒட்டிச் சில பத்து கி.மீ. தடிமனே உள்ள இடங்கள் சிலவற்றில் எஸ் வேகம் 10 முதல் 30 சதவீதம் வரை சரிகிறது. உருகலைப் பற்றிப் பேசுவதென்றால் அங்கே பேசலாம். அங்கும் இரும்பு மிகுந்த திடப்பாறை என்ற விளக்கம் போட்டிக்கு நிற்கிறது.

இதைவிடப் பரவலான பிழை ஒன்று பாடக்குறிப்புகளிலேயே இருக்கிறது: 'ஆழம் போகப் போக அடர்த்தி கூடுகிறது, அதனால் அலை வேகமெடுக்கிறது.' கணக்கு அப்படிச் சொல்லவில்லை. எஸ் அலை வேகத்தின் வர்க்கம் என்பது விறைப்புக் குணகத்தை, அதாவது வடிவம் மாறுவதற்குப் பாறை காட்டும் எதிர்ப்பை, அடர்த்தியால் வகுத்தால் வருவது. அடர்த்தி வகுக்கும் இடத்தில் இருப்பதால், அது மட்டும் கூடினால் வேகம் குறையத்தான் செய்யும். ஜெவோன்ஸ்கியும் ஆண்டர்சனும் 1981-இல் வெளியிட்ட, இன்றும் அளவுகோலாகப் பயன்படும் புவி மாதிரியை எடுத்துப் பாருங்கள். கீழ்க்கவசத்தின் உச்சியில், 670 கி.மீ. ஆழத்தில், அடர்த்தி கன செ.மீ.-க்கு 4.38 கிராம், அடிமட்டத்தில் 5.57. கால் பங்குக்குச் சற்று மேல் உயர்வு. அதே தூரத்தில் விறைப்புக் குணகம் சுமார் 155 ஜிகாபாஸ்கலிலிருந்து 294-க்குத் தாவுகிறது. எஸ் அலை நொடிக்கு 5.95 கி.மீ.-லிருந்து 7.26 கி.மீ. ஆவது இந்த விறைப்பின் உபயம். அடர்த்தி அதற்கு முட்டுக்கட்டைதான். இன்னும் சந்தேகம் இருந்தால் எல்லையைத் தாண்டிக் கருவத்துக்குள் போங்கள்: அடர்த்தி 9.9-க்கு எகிறுகிறது, பொருளை அமுக்கி விரித்துச் செல்லும் பி அலையின் வேகமோ நொடிக்கு 13.7 கி.மீ.-லிருந்து 8.1-க்கு விழுகிறது.

இது பிடிபட்டால் அடுத்தது எளிது. அடர்த்தியை விட்டால், எஸ் அலை விறைப்பை மட்டும் உணர்கிறது; பி அலை விறைப்போடு பருமக் குணகத்தையும், அதாவது அமுக்கத்துக்குக் காட்டும் எதிர்ப்பையும், சேர்த்து உணர்கிறது. ஆகவே ஒரே ஒரு அலையின் படத்தை வைத்துக் காரணம் சொல்வது அரைகுறை வேலை. கனிமம் சூடானால் இரண்டு குணகமும் தளரும், விறைப்பு கூடுதலாகத் தளரும். அப்போது இரு அலைகளும் மெதுவாகும், எஸ் அதிகமாக. ஆனால் அடிக்கவசத்தின் சில பகுதிகளில் எஸ் அலை மெதுவாகும்போது, பருமக் குணகத்தையும் அடர்த்தியையும் மட்டும் கொண்டு கணக்கிடும் வேகம் கூடுகிறது. வெறும் சூட்டால் இது நடக்காது.

உடனே 'அப்படியானால் வேதிப் பொருள் வேறு' என்று தாவுவதும் அவசரம்தான். கீழ்க்கவசத்தில் பெரும்பங்கு வகிக்கும் பிரிட்ஜ்மனைட், சுமார் 125 ஜிகாபாஸ்கல் அழுத்தத்தில் போஸ்ட்-பெராவ்ஸ்கைட் என்ற வேறு படிக அமைப்புக்கு மாறுவதை 2004-இல் கண்டுபிடித்தார்கள். வேதியியல் அப்படியே இருக்க, எஸ் வேகம் மட்டும் ஓரிரு சதவீதம் கூடிவிடும். குளிர்ந்த இடத்தில் இந்த மாற்றம் மேலேயே நடக்கும், சூடான இடத்தில் கீழே தள்ளிப்போகும். ஒரே ஆழத்தில் ஓரிடத்தில் புதிய கனிமம், இன்னோரிடத்தில் பழைய கனிமம் என்றிருந்தாலே அந்த முரண்போக்கில் ஒரு பகுதி வந்துவிடும்.

கீழ்க்கவசத்தின் இன்னொரு கனிமமான ஃபெர்ரோபெரிகிளேஸ் வேறு குழப்பம் தருகிறது. கவசத்தின் நடு ஆழங்களில் அதிலுள்ள இரும்பின் எலக்ட்ரான்கள் இணை சேர்ந்து அணு சுருங்குகிறது. மாற்றம் நடக்கும் வரம்பில் கனிமம் எளிதில் அமுங்குவதால் பருமக் குணகம் தளர்கிறது, விறைப்பு பெரிதாக அசைவதில்லை. அந்த ஆழத்தில் பி அலை வெப்ப வேறுபாட்டைச் சரியாகக் காட்டிக்கொடுக்காது. பி படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் அங்கே ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

திசையையும் மறக்கிறார்கள். படிகம் எல்லாப் பக்கமும் ஒரே விறைப்போடு இருப்பதில்லை. கவசம் நகரும்போது படிகங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து வரிசைப்பட்டால், கிடையாக அதிரும் எஸ் அலையும் செங்குத்தாக அதிரும் எஸ் அலையும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும். அதை வெப்பமாகக் கணக்கிடுவது வீண்.

ஆய்வக எண்களை அப்படியே பெயர்த்து ஒட்டுவதிலும் கவனம் வேண்டும். வைரப் பட்டடை போன்ற உயரழுத்தக் கருவிகளுக்குள் கனிமத்தை அளக்கும் அதிர்வு மெகாஹெர்ட்ஸ், ஜிகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். நில அதிர்வலைக்கு ஓர் அலைவே சில நொடிகள் பிடிக்கும். அந்த நிதானத்தில் சூடான கனிமம் கொஞ்சம் நெகிழ்ந்து ஆற்றலை விழுங்குவதால் எஸ் வேகம் கூடுதலாகக் குறைகிறது. இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் வெப்ப வேறுபாடு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

இவ்வளவு திருத்திய பிறகும் அந்த இரண்டு திட்டுகளும் சுற்றுப்புறத்தைவிடக் கனமா, லேசா என்பதை அலைவேகம் தனியாகச் சொல்லிவிடாது. அதற்குப் பெரும் நிலநடுக்கங்களுக்குப் பின் பூமி முழுவதும் மணிபோல் அதிர்வதையும், நிலவு, சூரியன் ஈர்ப்பால் திடப்பூமி ஏறி இறங்கும் ஓதத்தையும் அளக்கிறார்கள். 2017-இல் வந்த இரண்டு ஆய்வுகளில், ஓதத்தைப் பயன்படுத்திய ஆய்வு அவற்றின் அடிப்பகுதி கனமென்றது. அதிர்வுகளைப் பயன்படுத்திய மற்றொன்று பெரும்பாலும் லேசென்றது.