வயலில் இறங்கும் ஜீப்: காசு போகிற இடமும் வண்டி புதைகிற இடமும்

மாருதியின் பழைய ஜிப்ஸியையோ புது ஜிம்னியையோ தோட்டத்து வேலைக்கென்று வாங்குபவர்கள் பலர், முதலில் போய் நிற்பது அக்சஸரி கடையில்தான். முன்னால் கனத்த இரும்பு பம்பர், அதன்மேல் வின்ச் (புதைந்த வண்டியை வடம் சுற்றி இழுக்கும் கருவி), கூரையில் கேரியர், கேரியரில் இன்னொரு ஸ்டெப்னி. பார்க்க மிரட்டலாகத்தான் இருக்கும். மழை விட்ட மறுநாள் கரிசல் காட்டில் இறக்கினால் முன் ஆக்சில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் அச்சு) வரை புதைந்து நிற்கும்.

இந்தச் சின்ன வண்டிகளின் பெரிய பலமே எடை குறைவுதான். ஜிப்ஸி ஏறக்குறைய 1,000 கிலோ, ஐந்து கதவு ஜிம்னி 1,200 கிலோ. அதன்மேல் நூற்றைம்பது கிலோ இரும்பை ஏற்றிவிட்டு, டயர் புதைகிறது என்று புலம்பிப் பயனில்லை. அதிலும் பம்பரும் வின்ச்சும் முன் ஆக்சிலுக்கும் முன்னால் தொங்குபவை, அந்தப் பாரம் முன் சக்கரத்தில்தான் விழும். தவிர, ஜீப்களில் மாட்டும் இரும்பு கிராஷ் கார்டு சட்டவிரோதம் என்று மத்திய அரசு 2017-லேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் மட்டுமல்ல, இன்சூரன்ஸ் கேட்கும்போதும் சிக்கல் வரும்.

காசே செலவில்லாத மாற்றம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் யாரும் செய்வதில்லை. டயரில் காற்றைக் குறைப்பது.

டயர் மண்ணை எவ்வளவு அழுத்துகிறது என்பது ஏறக்குறைய உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. ரோட்டில் 26 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்து ஓட்டும் டயரை 16-க்கு இறக்கினால், மண்ணில் படியும் பரப்பு ஏறக்குறைய பாதி அளவு கூடும். அகலத்தில் அல்ல, பெரும்பாலும் நீளத்தில். இளகிய மண்ணில் வண்டியைத் தாங்குவது அந்த நீளம்தான். டிராக்டரின் பின் டயரில் 12 முதல் 16 பிஎஸ்ஐ வரைதான் பொதுவாகக் காற்று இருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஆனால் 12-க்குக் கீழே போக வேண்டாம், திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ட்யூப் போட்ட டயர் என்றால் இன்னும் கவனம் தேவை. காற்று குறைந்தால் ரிம் சுற்றும், டயர் பின்தங்கும், ட்யூபின் வால்வு அறுந்துவிடும். அப்புறம், பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். குறைத்த காற்றோடு தார் ரோட்டில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும்.

அடுத்தது டயர். பெரிய கட்டை வைத்த மட் டயர்தான் சேற்றுக்கு ஏற்றது என்று கடைக்காரர் சொல்வார். கரிசல் மண் அதை மதிப்பதில்லை. கட்டைகளுக்கு இடையில் அப்பி, ஒரு சுற்றில் டயரை வழவழப்பான உருளையாக்கிவிடும். வாங்குவதென்றால் கட்டைகள் தள்ளித் தள்ளி இருப்பதாகப் பாருங்கள், மண் உதிர வழி வேண்டும். ரொம்ப அகலமான டயரும் தேவையில்லை. அது எதிரில் மண்ணைக் குவித்து, அந்தக் குவியலைத் தானே தள்ளிக்கொண்டு போகும்.

வண்டியை உயர்த்த மாட்டும் லிஃப்ட் கிட் விஷயத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். ஜிப்ஸி, ஜிம்னி இரண்டிலும் முன்னும் பின்னும் முழு ஆக்சில். ஸ்பிரிங்கை இரண்டு அங்குலம் உயர்த்தினால் பாடிதான் உயரும், ஆக்சிலும் அதன் நடுவில் உருண்டு நிற்கும், இரு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் இருந்த இடத்திலேயே இருக்கும். சேற்றில் ஏர் போல உழுவது அந்த உருண்டைதான். அது உயர ஒரே வழி பெரிய டயர். ஜிம்னியின் 195/80 டயரை எடுத்துவிட்டு 235/75 போட்டால் விட்டம் 40 மில்லிமீட்டர் கூடும், ஆக்சில் உயர்வது அதில் பாதி, 20 மில்லிமீட்டர். அவ்வளவுதான். அதற்கு விலையாக எல்லா கியரிலும் இழுவை ஆறு சதவீதம் போல் குறையும். லிஃப்ட் போட்டால் முன் சக்கரத்தின் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) மாறி, ரோட்டில் ஸ்டியரிங் அலையும். வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் சாய்ந்து போகிற வண்டிக்கு உயரம் எதிரிதான்.

நடவுக்காக உழுது சேறாக்கிய நெல் வயலில் ஜீப்பை இறக்கவே கூடாது, என்ன மாற்றம் செய்திருந்தாலும் சரி. அங்கே டிராக்டரே இரும்புக் கேஜ் வீல் (கூண்டுச் சக்கரம்) மாட்டிக்கொண்டுதான் இறங்குகிறது. சேற்றுக்கு அடியில் இறுகிக் கிடக்கும் தளம்தான் தண்ணீரைப் பிடித்து வைப்பது. சக்கரம் ஒரே இடத்தில் சுழன்று அதைத் தோண்டிவிட்டால் வயல் தண்ணீர் நிற்காமல் கசியும். மானாவாரிக் காட்டிலும் ஈரத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டாமல் ஒரே தடத்தில் போய் வாருங்கள். நசுங்கிய இடத்தில் அடுத்த உழவில் கொழு இறங்காது.

ஃபோர்-வீல் போட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும் என்பதும் பாதி உண்மைதான். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு ஆக்சிலில் ஒரு சக்கரம் வழுக்கினாலே அந்த ஆக்சில் செத்த மாதிரி. செலவு செய்ய ஆசை இருந்தால் பின் ஆக்சிலுக்கு, இரு சக்கரத்தையும் சேர்த்துச் சுழல வைக்கும் லாக்கர் ஒன்று போடுங்கள், பம்பர் காசு அதற்குப் போகட்டும். முன் சக்கர நடுவிலுள்ள ஹப்பைக் கையால் பூட்டினால்தான் ஃபோர்-வீல் வேலை செய்யும் பழைய வண்டி என்றால் காட்டில் இறங்கும் முன்பே பூட்டிவிடுங்கள். புதைந்த பிறகு ஹப் சேற்றுக்குள் இருக்கும். காய்ந்த தார் ரோடு வந்ததும் டூ-வீல் டிரைவுக்கு மாற்ற மறக்க வேண்டாம்.

வின்ச் கட்ட ஒரு மரம் வேண்டும். பருத்திக் காட்டு நடுவில் மரத்துக்கு எங்கே போவது? ஊரில் டிராக்டர் இருக்கிறது. சேசிஸில் உறுதியாகப் போல்ட் செய்த கொக்கி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நல்ல இழுவை பெல்ட் ஒன்று இருந்தால் போதும். சங்கிலியும் டிரெய்லர் உருண்டையும் வேண்டவே வேண்டாம், பிய்த்துக்கொண்டு வந்தால் ஆளைக் கொன்றுவிடும். இழுக்கும்போது சுற்றி நிற்பவர்களை விரட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை, பெரும்பாலும் விட்டுப்போவது. ஓடிச் சூடான ஆக்சில் வாய்க்கால் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆக்சில் மேலுள்ள பிரீதரில் (காற்று போய்வரும் துளை) ஒரு ரப்பர் குழாயைச் சொருகி, போனட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினால் சரியாகிவிடும். மழைக்காலம் முடிந்ததும் டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும்.