ஓட்டோகாட் பிளானில் அளவைக் கையால் எழுதாதீர்கள்

போன கிழமை எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் ஓட்டோகாட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்த வீட்டுப் பிளான் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். தூண் இடைவெளிகள் எல்லாம் பூச்சியத்தில் முடிந்தன. ஒரு டைமென்ஷனை, அதாவது அம்புக்குறியோடு அளவு காட்டும் குறிப்பை, இரட்டைக் கிளிக் செய்து பார்த்தேன்.

"தம்பி, இதை நீர் ரைப் பண்ணினீரா?"

"ஓம் அண்ணா. 3047.6 என்று வந்தது. வடிவில்லாமல் கிடந்தது."

நானும் அப்படித்தான் செய்தேன், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில். சேமிக்க மறப்பது, லேயர் (அடுக்கு) மாறி வரைவது எல்லாம் தானாகவே பழகிவிடும். இது பழகாது, ஏனென்றால் திரையில் பிழை தெரிவதே இல்லை.

இலக்கத்தை அழித்து எழுதுவது

டைமென்ஷனில் தெரியும் இலக்கம் நாம் எழுதியது அல்ல. ஓட்டோகாட் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளந்து காட்டுவது. உள்ளே அந்த அளவின் இடத்தில் <> என்ற குறி நிற்கிறது. அதை அழித்து 3050 என்று எழுதினால் அளவோடு இருந்த தொடர்பு அறுந்துவிடும். சுவரை இழுத்தால் அம்புக்குறி போகும், கோடு போகும், இலக்கம் மட்டும் மாறாது. மற்றதெல்லாம் மாறுவதால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

கொக்குவிலில் ஒரு வீடு. வரிசையாக மூன்று இடைவெளிகள்: 3050, 3650, 2600. மொத்தம் 9300 மில்லிமீற்றர். முதலாவதை நான் ரைப் பண்ணியிருந்தேன். பிறகு கோட்டையும் சரியாக 3050க்குக் கொண்டுவந்தேன், ஆனால் ரைப் பண்ணிய எழுத்தை நீக்க மறந்துபோனேன். கொஞ்ச நாளில் வீட்டுக்காரர் வந்து, தாயாரின் சக்கர நாற்காலி திரும்ப இடம் போதாது, அந்த அறையை 150 கூட்டித் தாருங்கள் என்றார். ஸ்ட்ரெட்ச் கட்டளை கொடுத்துச் சுவரை இழுத்தேன். மொத்த அளவு தானாக 9450 ஆனது. முதல் இடைவெளி 3050 ஆகவே நின்றது. மூன்றையும் கூட்டிப் பார்த்திருந்தால் 9300தான் வருகிறது என்று தெரிந்திருக்கும். நான் கூட்டவில்லை, அலுவலகத்தில் வேறு யாரும் கூட்டவில்லை.

மேசன் இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு இடைவெளியாக அளந்து நூல் கட்டினார். அவர் செய்தது சரி. அத்திவாரக் குழி வெட்டி, கொங்கிரீட் போட்டு, தூண் கம்பியும் நிறுத்திய பிறகு வீட்டுக்காரர் ரேப் பிடித்துப் பார்த்தார். அறை பழைய அளவிலேயே இருந்தது. மூன்று வரிசைத் தூண்களின் அடித்தளத்தை உடைத்துத் திரும்பப் போட்டோம். செலவில் ஒரு பகுதி என் சம்பளத்தில் மாதா மாதம் கழிந்தது. அதைவிட, அந்த அம்மா வாசலில் இருந்து உடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் இன்றும் மனதில் நிற்கிறது.

ஆகவே 3047.6 என்று வந்தால் கோடு பிழை. புள்ளிகளைச் சரியாகப் பிடிக்க உதவும் ஒஸ்னாப் போட்டுக் கோட்டைத் திருத்துங்கள். பக்கத்தில் சொல் சேர்க்க வேண்டுமானால் "<> உட்பக்கம்" என்று எழுதுங்கள், அளவு உயிரோடு இருக்கும். பிளானை வெளியே கொடுக்கும் முன் எல்லா டைமென்ஷன்களையும் தெரிவுசெய்து புறொப்பட்டீஸ் பலகையில் 'டெக்ஸ்ட் ஓவர்ரைட்' கட்டத்தைப் பாருங்கள். வெறுமையாக இருந்தால் சரி. 'வேரீஸ்' என்று காட்டினால் எங்கோ எழுதப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றாகத் தேடுங்கள். தம்பியின் பிளானில் பதினொன்று இருந்தன.

எக்ஸ்புளோட்

உடைத்துப் பிரிக்கும் இந்தக் கட்டளையை டைமென்ஷனுக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். அது வெறும் கோடும் எழுத்துமாகிவிடும்.

டிம்அசோக்

புதிதாகப் போடும் டைமென்ஷன் வரைந்த பொருளோடு ஒட்டுமா என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு இது. 2 ஆக இருக்க வேண்டும். 1 என்றால் டைமென்ஷன் பொருளோடு ஒட்டாது, 0 என்றால் வெறும் கோடும் எழுத்தும்தான். இந்த அமைப்பு கோப்போடு வருவது, அதனால் வேறு ஒருவரின் பழைய பிளானைத் திறந்ததும் பாருங்கள். 2 ஆக மாற்றினாலும் ஏற்கெனவே போட்டவை திருந்தாது. அவற்றை டிம்ரீஅசோசியேட் கட்டளையால் திரும்ப ஒட்ட வேண்டும்.

காணியின் அளவைக் கணக்கிட்டு எழுதுவது

கல்குலேட்டரில் கணக்கிட்டு "2.4 பரப்பு" என்று எழுதி வைப்பார்கள். எல்லைக்கோடு மாறும், எழுத்து மாறாது. எல்லையை மூடிய பொலிலைனாக (ஒரே தொடர்கோடாக) வரைந்து, அதன் ஏரியாவை ஃபீல்டாக, அதாவது தானாகப் புதுப்பிக்கப்படும் எழுத்தாகப் போடுங்கள். மீற்றரில் வரைந்திருந்தால் பெருக்கும் எண்ணாக 0.003954 கொடுத்தால் பரப்பு வரும், 0.03954 கொடுத்தால் பேர்ச் வரும். ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது ஏறக்குறைய 252.9 சதுர மீற்றர். வந்த அளவைக் காணி உறுதியோடும் நில அளவையாளரின் பிளானோடும் ஒப்பிடுங்கள்.

எல்லையை மாற்றியதும் வரைபடத்தைப் புதுப்பிக்கும் ரீஜென் கட்டளையைக் கொடுங்கள், புதிய அளவு வரும். வராவிட்டால், ஃபீல்டுகள் எப்போது புதுப்பிக்கப்படும் என்பதைத் தீர்மானிக்கும் ஃபீல்ட்இவால் என்ற அமைப்பு 31 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். #### என்று வந்தால் யாரோ அந்தப் பொலிலைனை அழித்துவிட்டார்கள். அதை அச்சில் வராத லேயரில் வைத்துவிடுவது நல்லது.

தலைப்புக் கட்டத்துத் திகதி

அதுவும் ஃபீல்டாகவே இருக்கட்டும், அச்சிட்ட திகதி. பிரதேச சபைக்குப் போன பிரதி எது, மேசனின் கையில் இருக்கும் பிரதி எது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.