வந்தாறுமூலைக்கு உயிரியல் ஆய்வு செய்ய வருகிறீர்களா?

தமிழ்நாட்டிலிருந்தோ புலம்பெயர் நாடுகளிலிருந்தோ, இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு எம்.பில். ஆய்வு செய்ய வருபவர்கள் முதலில் விசாரிப்பது அறை வாடகையைத்தான். அது ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும் காரியம். செங்கலடி, ஏறாவூர், மட்டக்களப்பு நகரம் எங்கும் தங்கலாம். நகரிலிருந்து வாழைச்சேனை போகும் பஸ் வந்தாறுமூலை வழியாகத்தான் போகிறது. விசாரிக்க வேண்டியது வேறு: மழை தொடங்கும்போது உங்கள் கையில் அனுமதிக் கடிதங்கள் இருக்குமா?

பட்டங்களை நிலைவாரியாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் எம்.பில். 11ஆம் நிலை, கலாநிதிப் பட்டம் (பிஎச்.டி.) 12. வகுப்புகளுக்குப் போய்ப் பெறும் முதுமாணிப் (முதுகலை) பட்டம் போன்றதன்று எம்.பில். முழுநேரமாகச் செய்தாலும் 2 ஆண்டுகள் பிடிக்கும். ஆய்வேட்டின் ஒவ்வொரு வரிக்கும் வாய்மொழிப் பரீட்சையில் நீங்களே பதில் சொல்ல வேண்டும்.

கடலோரக் களப்பான மட்டக்களப்பு வாவியில் ஆய்வு செய்பவருக்கு ஆண்டுக்கணக்கு மழையோடுதான் தொடங்குகிறது. மழைக்காலம் ஒக்டோபரில் பிடித்து ஜனவரி வரை நீளும். வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரம் கோடையில் மணல் மூடிக் கிடக்கும்; வெள்ளம் பெருகும்போது திறந்துகொள்ளும். சில வேளைகளில் வெட்டியும் விடுவார்கள். நீரின் உவர்ப்பு மாறும். அதோடு மீனும் இறாலும் நுண்ணுயிர்களும் மாறும். மழை, கோடை என்ற இரண்டு பருவங்களையும் காணாத வாவி ஆய்வு அரைகுறை என்பதே என் எண்ணம். உங்கள் ஆய்வு முன்மொழிவுக்கு டிசம்பர் கடைசியில்தான் ஒப்புதல் கிடைக்கிறது என்றால், அந்த வெள்ளம் கைவிட்டுப் போய்விடும். அடுத்ததற்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே விலங்கியல் அல்லது தாவரவியல் துறையில் ஒரு மேற்பார்வையாளரைத் தேடி, ஆய்வு வினாவை அவரோடு பேசி முடித்துவிடுங்கள்.

மாணவருக்குரிய வதிவிட விசா வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து சமாளிக்க நினைக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்றால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடமும், காடு என்றால் வனபரிபாலனத் திணைக்களத்திடமும் அனுமதி பெற வேண்டும். விலங்குகளைக் கையாள நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தேவை. மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதற்குத் தனி அனுமதி உண்டு. மரபணு ஆய்வு செய்ய இருப்பவர்கள் இதை முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும்.

களத்தில் உங்கள் உண்மையான ஆசிரியர்கள் தோணிக்காரர்கள். அவர்கள் வலையிலிருந்து மீன் கழற்றும் நேரத்தில் கேள்வி கேட்டு நிற்காதீர்கள். விற்று முடித்து ஆறியிருக்கும்போது, “ஐயா” என்று மரியாதையாகப் பேசத் தொடங்குங்கள். எத்தனை கிலோ என்பதை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிடாமல், வலைக்கண்ணின் அளவு என்ன, வலை எத்தனை மணிநேரம் நீரில் கிடந்தது, எந்த இடத்தில் போட்டார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இவை இல்லாவிட்டால் இன்றைய பிடிபாட்டை நேற்றையதோடு ஒப்பிடவே முடியாது.

வாவியில் முதலைகள் உண்டு. மாதிரி எடுக்கத் தனியாக நீரில் இறங்க வேண்டாம். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் களம் என்றால் யானை நடமாட்டத்தை ஊரவரிடம் கேட்டறிந்துகொண்டு, பொழுது சாயுமுன் கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்குத் திரும்பிவிடுங்கள்.