'தா' என்ற ஓரெழுத்துச் சொல்லில் தவறும் இடங்கள்

ரஷ்ய மொழி தெரிந்த தைரியத்தோடு ஜார்ஜிய மொழி படிக்க வருபவர்கள், நான் விழுந்த அதே குழியில்தான் விழுகிறார்கள். எழுத்துக் குழப்பமும் உச்சரிப்புத் தடுமாற்றமும் பழகப் பழகச் சரியாகிவிடும். 'தா' அப்படிச் சரியாவதில்லை. தமிழ் 'தா'வையும் போலிஷ் 'தாக்'கையும் தவிர, கீழே வரும் 'தா'வை எல்லாம் 'தானம்' என்பதில் உள்ளதுபோல மென்மையாகப் படியுங்கள்.

எங்கும் 'ஆமாம்' என்று எடுத்துக்கொள்வது

ரஷ்யாவின் மாஸ்கோ, செர்பியாவின் பெல்கிரேட், பல்கேரியாவின் சோஃபியாவில் அது ஆமாம்தான். ஆனால் பெல்கிரேடில் 'ஹோச்சு தா இதெம்' என்றால் 'போக விரும்புகிறேன்'. நடுவில் உள்ள தா வெறும் இணைப்பு. போலந்தின் வார்சாவில் ஆமாமுக்கு 'தாக்' என்பார்கள், 'தா' என்றால் 'கொடுப்பான்' அல்லது 'கொடுப்பாள்'. ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில் ஆமாமுக்கு 'கி'.

"நம்ம தா!" என்று உறவு கொண்டாடுவது

ரஷ்யம், செர்பியம், போலிஷ் போன்ற ஸ்லாவிய மொழிகளில் 'கொடு' என்ற பொருளில் வரும் 'தா'வுக்குச் சொந்தம் சம்ஸ்கிருத 'தானம்'. தமிழ் 'தா' வேறு, அது திராவிட வேர்.

செச்சன் மொழியில்

அப்பா. ரஷ்ய மொழியைப் போலவே சிரில்லிக் எழுத்துதான், அதனால் மொழி எது என்று முதலில் பாருங்கள்.

இரண்டு 'தா' வந்தால் ஒன்றை அடித்துவிடுவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஜார்ஜிய மொழியில் 'தா' என்றால் 'மற்றும்'. சகோதரிக்கும் அதே 'தா'தான், எழுத்திலும் ஒலியிலும் வேறுபாடே கிடையாது.

ஆரம்ப நாட்களில் ஒரு விசா விண்ணப்பத்துக்காகக் குடும்ப விவரக் கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்தேன். 'தெதா, தா தா த்ஸ்மா' என்று இருந்தது. தெதா அம்மா, த்ஸ்மா சகோதரன். நடுவில் இரண்டு தா இருந்ததால் தட்டச்சுப் பிழை என்று நானே முடிவு செய்து ஒன்றை நீக்கினேன். 'அம்மாவும் சகோதரனும்' என்று கடிதம் போனது. அந்த வீட்டுப் பெண் தாளிலேயே இல்லாமல் போனாள். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். நோட்டரிக்கு இரண்டாம் முறை பணம் கட்டினார்கள், பயணம் ஐந்து வாரம் தள்ளிப்போனது. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போன வாரம் ஒரு மாணவர் அதே இரண்டில் ஒன்றை அடித்துவிட்டு, "பிழையைத் திருத்திட்டேன்" என்று நிம்மதியாகச் சொன்னார். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

அடிக்கும் முன் இதைப் பாருங்கள். 'மற்றும்' என்ற தா எந்த வேற்றுமை உருபும் ஏற்காது. சகோதரி ஏற்பாள்: 'தாஸ்' என்றால் சகோதரிக்கு, 'திஸ்' என்றால் சகோதரியின். முன்னால் 'செமி', அதாவது 'என்', இருந்தாலும் பெரும்பாலும் சகோதரிதான். உருபும் இல்லை, 'செமி'யும் இல்லை, இரண்டு தா அடுத்தடுத்து நிற்கின்றன என்றால் ஒன்று ஆள், மற்றது இணைப்பு. அந்தக் கடிதத்தைப் போலப் பின்னால் இன்னொரு பெயர் வந்தால் முதலாவது ஆள், பட்டியல் அங்கேயே முடிந்தால் இரண்டாவது ஆள்.

சரி, தமிழில் பெயர்க்கிறீர்கள் என்றால் அப்புறமும் ஒரு வேலை இருக்கிறது. அந்தச் சொல் வயதைச் சொல்லாது. அக்காவா தங்கையா என்று கடிதம் எழுதியவரையே கேட்க வேண்டும்.